தேதி போடாத கடிதம்

ஈச்சம்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஸ்டோர் என்கிற ஆலையின் இஞ்சினை, தன் இருபது வருட வேலையில், ஒரே ஒரு தடவைதான் வீரய்யா வேண்டுமென்று நிறுத்தினான். அது 1958ஆம் வருடம், நவம்பர் மாதம். கொழுந்து மலைமலையாக வந்து குவிந்த நேரம். கொழுந்து அரைக்கிற உருளைக்குப் பக்கத்தில் நின்ற அழகனின் வலது கையை, இஞ்சினிலிருந்து ஓடுகிற தோல் வார் இழுத்துக்கொண்டு போய் முழங்கை வரைக்கும் நசுக்கிவிட்டது. வார் ஓடுகிற இடத்தில் ஒரு கம்பித் தடுப்புப் போடுங்கள் என்று தொழிலாளர்கள் மூன்று முறை சங்கத்தின் மூலம் எழுதிக் கேட்டிருந்தார்கள். தடுப்பு வரவில்லை. அழகனை லொறியில் ஏற்றி ஆசுபத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்த வீரய்யா, இஞ்சினை நிறுத்தி, ஸ்டோர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.

"தடுப்புப் போட்டா ஓடும். இல்லாட்டி ஓடாது."

இரண்டு நாள் ஓடவில்லை. மேல்மாடியில் வாடப்போட்டிருந்த கொழுந்தெல்லாம் சிவந்து, புளித்து, கடைசியில் கூடை கூடையாக, மழைத்தண்ணீர் ஓடுகிற கானில் கொட்டப்பட்டது. மூன்றாம் நாள் காலையில் ஹட்டனிலிருந்து கம்பி வந்து இறங்கியது. பெரிய துரை வந்து நின்று பார்த்தார். சத்தம் போடவில்லை. வீரய்யாவை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். "நல்லது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வீரய்யாவின் மனைவி வேலாயிக்கு அதுதான் பிடிக்கவில்லை. அவள் கொழுந்து பறிக்கிறவள். பதினாறு வயதிலிருந்து இதே தோட்டத்தில் பேர் பதிந்தவள். துரைமார் கத்துவதை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். கத்திவிட்டுப் போகிற துரை மறுநாள் மறந்துவிடுவார். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போன துரையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்களோ?" என்று கேட்டாள்.

"நிப்பாட்டினா தோட்டமே நின்னுரும். அது அவருக்கும் தெரியும்" என்றான் வீரய்யா.

அவன் எப்போதும் உரக்கத்தான் பேசுவான். இஞ்சின் அறையில் கிடந்து கிடந்து ஒரு காது பாதி அடைத்துப் போயிருந்தது. ஆனால் சுவரில் உள்ளங்கையை வைத்தால் போதும், எந்த இடத்தில் எண்ணெய் வற்றிவிட்டது, எந்த இடம் சூடேறுகிறது என்று சொல்லிவிடுவான். சங்கத்தில் அவன் தலைவனும் இல்லை, காரியதரிசியும் இல்லை. காரியதரிசி கந்தப்பன் என்கிற இளைஞன். ஆனாலும் அந்த இரண்டு நாளுக்குப் பிறகு, ஏதாவது ஒன்று என்றால் சனங்கள் முதலில் வீரய்யாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். துரை பங்களாவிலும் அதைக் கவனித்திருப்பார்கள்.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாள், தோட்டத்து அலுவலகமான கந்தோருக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

பெரிய கிளாக்கர் செபஸ்தியாம்பிள்ளை மேசைக்குப் பின்னால் இருந்தார். "வா வீரய்யா. உட்காரு" என்றார். அந்தக் கந்தோரில் எந்தத் தொழிலாளியும் உட்கார்ந்து வீரய்யா கண்டதில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான். "உட்காரப்பா" என்று கிளாக்கர் மறுபடியும் சொன்ன பிறகு, வாங்குப் பலகையின் நுனியில் உட்கார்ந்தான்.

லிந்துலைப் பக்கம் மூங்கிலாற்றுத் தோட்டத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அவன் பேருக்கே வந்திருந்தது. அங்கே ஸ்டோருக்குப் புது இஞ்சின் வரப்போகிறதாம். கைதேர்ந்த ஆள் வேண்டுமாம். நாட்கூலி இல்லை, மாதச் சம்பளம். லயத்து வரிசை வீட்டில் இல்லாமல் தனி வீடு, இரண்டு அறை, வாசலில் தண்ணிக் குழாய். சம்மதமென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, ஜூன் முதலாம் தேதி வேலைக்கு வர வேண்டியது. கிளாக்கர் இங்கிலீசில் வாசித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

"நம்ம துரை விடுவாருங்களா ஐயா?"

"அவருக்கென்ன, சந்தோசம்தான். நல்லா இருக்கட்டும்னு சொன்னாரு."

வீரய்யா ஏமாளி இல்லை. கடிதத்தை மடித்து வாங்கிக்கொண்டு போய், பொகவந்தலாவை கடைத்தெருவில் மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்து இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். கிளாக்கர் சொன்னதற்கும் இவர் சொன்னதற்கும் ஒரு சொல் மாறவில்லை. முத்திரை சரி. கையெழுத்துச் சரி. மருந்துக்கடைக்காரர் அவன் கையைக்கூடக் குலுக்கினார்.

சாயந்தரம் வேலாயி ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டு முடிந்த பிறகு, "உங்கள அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"நல்ல இஞ்சின்காரன்னா நாலு தோட்டத்துக்குத் தெரியாமப் போகுமா?"

"அந்த நாலு தோட்டத்துக்கும் நீங்க இஞ்சின நிப்பாட்டினதும் தெரிஞ்சிருக்குமில்ல?"

 வீரய்யாவின் மனம் அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே குடியேறிவிட்டிருந்தது. மகள் நாகலெட்சுமிக்குப் பதினொரு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க இனி ஒன்றுமில்லை என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். லிந்துலையில் பெரிய பள்ளிக்கூடம் இருந்தது.

"ஒன்ன வரச் சொன்னா வர மாட்டியா?" என்றான்.

"வர மாட்டேன்னு சொல்லல. மொதல்ல நீங்க போயி ஒரு மாசம் வேல செய்ங்க. அப்புறமா நான் பேர வெட்டிக்கிட்டு வர்றேன்."

"போற நேரத்தில அபசகுனமாப் பேசாத, புள்ள!"

வேலாயி மாவைத் தட்டத் தொடங்கினாள். சொன்னதிலிருந்து அசையவில்லை.

அசையாததற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் காம்பரா, அதாவது லயத்து ஒற்றை அறை, செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் இருக்கிற பேருக்குத்தான். பேர் வெட்டுப்பட்டால் காம்பராவும் போயிற்று. தோட்டத்தைவிட்டு வெளியே போனால் நிற்க அவர்களுக்கு ஒரு முழம் நிலம் கிடையாது. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட மனு திரும்பி வந்து ஐந்து வருடமாகியிருந்தது. தாத்தா பிறந்த இடத்துக்கு அத்தாட்சி இல்லையாம்.

மே மாதத்தில் கிளாக்கர் இரண்டு முறை வீரய்யாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "குடும்பத்தோட வெட்டுறதுதான் வழக்கம். பொம்பள பேரையும் சேத்து எழுதிக் குடு." மூன்றாம் முறை அவளையே வரச் சொன்னார். வேலாயி கூடையைத் தலையிலிருந்து இறக்காமலேயே கந்தோர் வாசலில் நின்றாள்.

"ஒம் புருசன் போறான். நீ இங்க என்ன செய்யப்போற?"

"கொழுந்து எடுக்கப் போறேனுங்க."

"காம்பரா வேண்டியிருக்கு. வேற குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு."

"விடியக்காலப் பெரட்டுக்கு ஒரு நாளும் தவறாம வர்றவ பேர எப்படிங்க வெட்டுவீங்க?"

கிளாக்கர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு கணக்கு உதைக்கிறது என்பதுபோல் இருந்தது அவர் முகம்.  வேலாயி மலைக்குத் திரும்புகிற வழியெல்லாம், இந்த மனுசனுக்கு என் காம்பராவில் என்ன இத்தனை அக்கறை என்று யோசித்துக்கொண்டே போனாள்.

வீரய்யாவின் பற்றுச்சீட்டு, அதாவது வேலையிலிருந்து பேர் வெட்டிய சீட்டு, எழுதிக் கேட்ட அன்றைக்கே கைக்கு வந்தது. மற்றவர்கள் அதற்கு மூன்று வாரம், நான்கு வாரம் என்று நடப்பார்கள். "ராசாவாட்டம் அனுப்புறாங்கண்ணே" என்று கந்தப்பன் சிரித்தான். சிரித்த பிறகு, சிரித்திருக்கக் கூடாதோ என்பதுபோல் வாயை மூடிக்கொண்டான்.

ஜூன் முதலாம் தேதி வீரய்யா தகரப்பெட்டியோடு பஸ் ஏறினான். ஹட்டனில் ஒரு பஸ் மாறி, தலவாக்கலையில் இன்னொரு பஸ் மாறி, லிந்துலையில் இறங்கி, மழையில் இரண்டு மைல் நடந்தான். மூங்கிலாற்றுத் தோட்டக் கந்தோரில் றோலண்ட் என்ற சின்னக் கிளாக்கர் இருந்தார். இளவயது. தடித்த கண்ணாடி. கடிதத்தை வாங்கி வாசித்தவர், வாசித்து முடிந்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்கதானா வீரய்யா?"

"ஆமாங்க ஐயா."

"பெரிய துரை இன்னைக்கு இல்ல. நாளைக்கு வந்து பாருங்க."

ஆனால் பெரிய துரையின் ஜீப் கந்தோருக்குப் பின்னாலேயே நின்றிருந்தது. மழைத்தண்ணீர் அதன் மூடியில் ஆவியாகிக்கொண்டிருந்தது. இப்போதுதான் வந்து நின்ற வண்டி என்று வீரய்யாவுக்கு விளங்கியது. படியிறங்கி, இஞ்சின் சத்தம் வந்த திசையில் ஸ்டோருக்குப் போனான்.

இஞ்சின் அறையில் ஒரு முதியவர் எண்ணெய்க் குவளையோடு நின்றார். பேர் இராமையா. வீரய்யா வழக்கம்போல் சுவரில் கையை வைத்துப் பார்த்தான். இஞ்சின் பழையதுதான், ஆனால் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து வருடம் ஓடும்.

"புது இஞ்சின் எங்க வைக்கப்போறாங்க?"

"புது இஞ்சினா? யாரு சொன்னா?"

வீரய்யா கடிதத்தைக் காட்டினான். இராமையாவுக்கு வாசிக்கத் தெரியாது. விசயத்தைக் கேட்டதும் அவர் குவளையைக் கீழே வைத்தார். "புதுசு வைக்கிறதுன்னா மொதல்ல மேடை கட்டணுமே. சிமெந்து மூட்ட ஒன்னுகூட வரலையே தம்பி. எனக்கும் ஒருத்தரும் ஒன்னும் சொல்லலையே. நீங்க என் வேலைக்கா வந்திருக்கீங்க?"

கடிதத்தில் சொல்லியிருந்த வீட்டையும் போய்ப் பார்த்தான். வாசலில் தண்ணிக் குழாய் இருந்தது. கொடியில் சிறு பிள்ளைகளின் துணி காய்ந்தது. உள்ளேயிருந்து வந்த அம்மாள், தோட்டத்து மருந்துக்காரரின் மனைவி, "நாங்க இங்க ஒம்பது வருசமா இருக்கோம்; காலி பண்ணச் சொல்லி யாரும் சொல்லலையே" என்றாள்.

மூன்று நாள் அப்படியே போயிற்று. நாளைக்கு, நாளைக்கு என்றார் றோலண்ட். யாரைத் தன் வேலையைப் பறிக்க வந்தவனென்று அஞ்சினாரோ அதே மனிதனுக்கு இராமையாதான் தன் காம்பராவில் பாய் போட்டுக் கொடுத்தார். நான்காம் நாள் காலையில் றோலண்ட் ஒரு காகிதத்தை நீட்டினார். புது இஞ்சின் வாங்கும் எண்ணத்தை நிர்வாகம் கைவிட்டுவிட்டது. ஆகவே வேலை இல்லை. வருந்துகிறோம்.

"நான் பேர வெட்டிட்டு வந்துட்டேனே ஐயா" என்றான் வீரய்யா. அவனுடைய உரத்த குரல் கந்தோர் முழுக்கக் கேட்டது. உள்ளறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வேறு சத்தமில்லை.

றோலண்ட் குடையை எடுத்துக்கொண்டு அவனுடன் பாதை முனை வரைக்கும் நடந்து வந்தார். தேயிலைக்கு நடுவே யாருமில்லாத திருப்பத்தில் நின்றார்.

"ஒங்களுக்கு ஒரு காது மந்தம்னு தெரியுது. திருப்பிச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. நல்லாக் கேட்டுக்குங்க. ஒங்களுக்கு வேல தர்றதா எழுதின கடிதத்த நான்தான் டைப் அடிச்சேன். இப்ப கையில இருக்கே, வேல இல்லன்னு, அதையும் நான்தான் அடிச்சேன். ரெண்டையும் ஒரே நாள்ல அடிச்சேன். ரெண்டாவதுக்குத் தேதி போடாம விடச் சொன்னாங்க."

வீரய்யா காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான். எழுத்தெல்லாம் கறுப்பு. மேலே இருந்த தேதி மட்டும் நீலப் பேனாவால் எழுதியிருந்தது.

"எதுக்குங்க ஐயா?"

"ஒங்க துரையும் எங்க துரையும் ஒரே கிளப்பு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

வேறெதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. வேலையைவிட்டு நிறுத்தினால் தோட்டம் எழும்பும். தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் யாரும் எழும்ப முடியாது. பஸ்ஸில் திரும்பி வருகிறபோது, தன் பேரை மட்டுமல்லாமல் வேலாயியின் பேரையும் ஏன் அவ்வளவு வருந்தி வருந்திக் கேட்டார்கள் என்பது அவனுக்கு விளங்கிற்று. அவள் பேரையும் வெட்டியிருந்தால் மூன்று பேரும் ரோட்டில் நின்றிருப்பார்கள். 

ஈச்சம்பாறை முகப்பில் காவல்காரன் வழியை மறித்தான். பத்து வருடமாக வீரய்யாவிடம் பீடி வாங்கிக் குடித்தவன். முகத்தைப் பார்க்காமல் பேசினான். "வெளியாள விடக் கூடாதுன்னு உத்தரவுண்ணே. என்னயப் பொல்லாப்புக்கு ஆளாக்காதீங்க." வீரய்யா சுற்றிக்கொண்டு கானோரமாக ஏறி லயத்துக்கு வந்தான். வேலாயி பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. தலையைத் துவட்டத் துணி எடுத்துக் கொடுத்தாள்.

கந்தப்பன் அவனை ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். தொழில் கந்தோரில் இருந்த சிங்கள அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி தந்து, தேநீர் வரவழைத்து, எல்லாக் காகிதத்தையும் வாசித்தார். வாசித்துவிட்டு, வீரய்யாவுக்கு விளங்குகிற சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். மூங்கிலாற்றில் நீ ஒரு நாளும் வேலை செய்யவில்லை. அதனால் அவர்கள் உன்னை நிறுத்தியதாகச் சொல்ல முடியாது. ஈச்சம்பாறையில் நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய்; அதனால் அவர்களும் உன்னை நிறுத்தவில்லை. உன்னை யாரும் நிறுத்தவில்லை.

"அப்ப நான் யாரு வேலைக்காரன், மாத்தயா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

சங்கத்து வக்கீல் ஒரு வழி இருக்கிறது என்றார். கோட்டுக்குப் போகலாம். ஆனால் இரண்டு கடிதமும் ஒரே நாளில் அடித்தது என்று, அடித்த ஆளே வந்து சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் வழக்கு நிற்கும். "அப்படி யாராவது ஒங்ககிட்டச் சொன்னாங்களா?" என்று கேட்டார். கேள்விப்பட்டதாக மட்டும் சொல்லிவைத்தான் வீரய்யா. பேரைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிந்துலை வேதக்கோயில் வாசலில் போய் நின்றான். பூசை முடிந்து றோலண்ட் வெளியே வந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி ஐவி, நிறைமாதம். வீரய்யாவைக் கண்டதும் அவர் நடையை நிறுத்தினார். மனைவியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு வந்தார். வீரய்யா விசயத்தைச் சொன்னான், தன்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்தி.

"என் பேரச் சொன்னீங்கன்னா, என்னக் கூப்பிட்டுக் கேப்பாங்க" என்றார் றோலண்ட். "நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு சொல்லிருவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். சத்தியமும் பண்ணிருவேன். என்னய வேதப்புத்தகத்து மேல கைய வச்சுப் பொய் சொல்ல வச்சிராதீங்க."

வீரய்யா வாசலில் நின்ற ஐவியைப் பார்த்தான். அவள் ஒன்றும் தெரியாமல் இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "சரிங்க ஐயா. நீங்க சொல்லாட்டி எனக்கு இதுவே தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். வக்கீலிடம், அப்படி யாருமில்லை, வெறும் பேச்சு என்றான். வேலாயி கேட்டபோது அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான்.

"வயித்துப் பிள்ளக்காரி. வேற என்ன செய்றது?" என்றாள் வேலாயி. பிறகு அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

இதற்குள் துரை, வெளியாளைத் தோட்டத்தில் வைத்திருப்பதால் காம்பராவைக் காலி பண்ண வேண்டும் என்று வேலாயிக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்திருந்தார். கந்தப்பன் சனங்களைக் கூட்டினான். ஆறு நாள் ஒருவரும் மலைக்குப் போகவில்லை. ஏழாம் நாள் பேச்சுவார்த்தை முடிந்தது. வேலாயியின் புருசன் என்ற முறையில் வீரய்யா அந்தக் காம்பராவில் இருக்கலாம். வேலை கேட்கக் கூடாது. ஸ்டோர்ப் பக்கம் வரக் கூடாது. வேலாயியின் பேர் எந்தக் காரணத்தினாலாவது செக்ரோலில் இல்லாமல் போனால், மூவரும் ஒரு மாதத்துக்குள் வெளியேற வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று சனங்கள் பொங்கல் வைத்தார்கள். கடைசி நிபந்தனையை வேலாயி மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

கடைத்தெருவில் மிளகாய் அரைக்கிற மில்லில் வீரய்யாவுக்கு வேலை கிடைத்தது. காலையில் போகும்போதும் மாலையில் வரும்போதும் காவல்காரன் அவன் பேரை எழுதிக்கொண்டான். மிளகாய்த்தூள் நெஞ்சை அடைத்தது. அந்தச் சின்ன இயந்திரத்துக்குச் சுவரில் கைவைத்துப் பார்க்க அவசியமே இருக்கவில்லை.

வேலாயி அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை. அம்மா செத்த செய்தி கந்தப்பளையிலிருந்து வந்தபோதும் பாதி நாள் கொழுந்து எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். 1961ஆம் வருடத்து மழையில் இருமல் பிடித்தது. விடவில்லை. மருந்துக்காரர் ஒரு வாரம் படுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். இரண்டாம் நாளே கந்தோரிலிருந்து ஆள் வந்து, ஆள் எப்படியிருக்கிறாள், எத்தனை நாள் ஆகும் என்று மிகவும் அன்பாக விசாரித்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் அவள் சாக்கைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக்கு எழுந்துவிட்டாள். வீரய்யா கையைப் பிடித்தான்.

"விடுங்க. நான் படுத்தேன்னா மூனு பேரும் படுக்க எடமிருக்காது."

அடுத்த வருடம் இருமலில் இரத்தம் தெரிந்தது. அவள் அதை மறைத்தாள். நாகலெட்சுமி கண்டுபிடித்தாள். பொகவந்தலாவைப் பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் நடந்து போய்ப் படித்துக்கொண்டிருந்த பெண். கணக்கில் அவள்தான் முதல். பதினான்கு வயது முடிந்திருந்தது. ஒரு சாயந்தரம் அப்பா மில்லிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கையில், பின்னால் வந்து நின்றாள்.

"என் பேரப் பதியச் சொல்லிட்டேம்பா. அம்மா பேரு போனாலும் என் பேரு நிக்கும்."

வீரய்யா முகத்தைத் துடைக்காமலே நின்றான். வேண்டாம் என்று சொல்ல அவனிடம் ஒரு காரணமும் இல்லை. வேலாயி அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலையில் அம்மாவும் மகளும் பெரட்டுக் களத்துக்குப் போனார்கள். மூடுபனியில் எதிரே நிற்கிற ஆள் முகம் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை லாந்தர் வெளிச்சத்தில் செக்ரோலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். வேலாயி என்றதும் இருமலுக்கு நடுவே பதில் வந்தது. அடுத்து, புதிதாக மையில் எழுதியிருந்த நாகலெட்சுமி என்கிற பேரைக் கூப்பிட்டார். பதிலில்லை. பள்ளிக்கூடத்தில் தினமும் கேட்ட பேர், கூலிக்காரர் வரிசையில் வேறு யாருடையதோ போலிருந்தது. அது தன் பேர் என்றே அவளுக்கு உறைக்கவில்லை. வேலாயி மகளின் முதுகில் கையை வைத்தாள்.

கணக்கப்பிள்ளை இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியிருந்தது.